யாரும் உட்காராத மண்டபம்

"என் மண்டபம் என்ன பாவம் பண்ணிச்சும்மா? ஒரு ஆள் உட்கார மாட்டேங்கிறாங்களே!"

மண்டபத்துப் படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஞானாம்பாள் அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

கேட்டவர் அவருடைய சீடர் திருமேனி. கட்டட வடிவமைப்பாளர். குருவைவிட வயதில் மூத்தவர் என்பதால், குருவே அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

அம்மாவின் ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் யாரையாவது பறிகொடுத்தவர்கள். அவர்கள் மனசு ஆறட்டும் என்று பார்த்துப் பார்த்துக் கட்டினார் மனுஷன். பளிங்குத் தரை, உயரமான கூரை, அப்படியொரு அமைதி. வந்தவர்களோ கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, நைசாக எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விடுகிறார்கள்!

"அமைதி பத்தலைன்னு நினைக்கிறேன். ஜன்னலுக்கெல்லாம் இன்னொரு கண்ணாடி போட்டுடறேன்."

"போடுங்கண்ணே. வேணாம்னா கேட்கவா போறீங்க?"

போட்டார். காக்கா கத்துவதுகூட உள்ளே வரவில்லை. ஆளும் வரவில்லை.

மறுபடி அதே படிக்கு வந்தார். கையில் பெட்டி.

"நான் கிளம்பறேன்மா. என் வீட்டுக்காரி போனப்புறம் இந்த மண்டபம்தான் எனக்குப் பிடிமானமா இருந்துச்சு. அதுவும் வீணாப் போச்சு."

"அவங்க பேரு என்னண்ணே? இத்தனை நாள்ல நீங்க சொன்னதே இல்லையே."

திருமேனி வாயைத் திறந்தார்.

"மரகதம்."

அவ்வளவுதான். பெட்டியைப் போட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்தார்.

சமையல்கட்டில் கிரைண்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. சாம்பாருக்கு உப்புப் போட்டாயிற்றா இல்லையா என்று இரண்டு பேருக்குள் சண்டை. திருமேனி ஓர் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். பாவம், எத்தனை நாள் அழுகையோ! வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண் சற்றுத் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள். வேறு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பின்னாலேயே வந்த ஞானாம்பாள் அம்மா அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"அழுங்கண்ணே. நல்லா அழுங்க."

அழுது ஓய்ந்ததும் தண்ணீர் கொடுத்தார்.

"ஏண்ணே, மண்டபத்து வாசல்லதானே நின்னீங்க? உள்ள போய் அழுதிருக்கலாமே?"

"அங்கயா?" என்றார் திருமேனி பதறிப்போய். "அங்க மூக்கை உறிஞ்சினாலே ஊருக்கே கேட்குமேம்மா!"