மயில் எழுதாமல் விட்ட சொல்

ஒரு காட்டில், ஓடைக்கரை மருதமரத்தின் பெரிய பொந்துதான் எல்லோருக்கும் பொதுவான களஞ்சியம், குழந்தைகளே. மழைக்காலத்தில் எல்லா உயிர்களும் அதை நம்பித்தான் இருந்தன. பெருச்சாளி அங்கே கணக்குப் பார்த்தது.

அதனிடம் மூன்று கோல்கள் இருந்தன. 'ஏற்று' என்ற கோலை அசைத்தால் வந்த தானியம் ஏட்டில் ஏறும். 'திருத்து' என்பது ஏட்டின் தவறான எண்ணை மாற்றும். 'கழி' என்ற கோலை இழுத்தாலோ, பொந்தின் பக்கக்கதவு திறந்து, மேலாக இருக்கும் தானியம் சறுக்கி ஓடையில் விழும். மக்கிப்போன தானியத்தைக் கொட்டுவதற்கென்று வைத்த கோல் அது.

சிங்கராஜாவுக்குப் பெருச்சாளியின் வேகம் போதவில்லை. ஊர்ப்பக்கத்திலிருந்து ஒரு மைனாவை வரவழைத்தார். அது சரளமாகப் படிக்கும். களைக்காது. எழுதியிருப்பதை எழுதியபடியே செய்யும். எதையும் திருப்பிக் கேட்காது. அரசர்களுக்கு இந்தக் கடைசிக் குணம் மிகவும் பிடிக்கும்.

மைனா படிப்பதற்குக் கோல்களைப் பற்றி ஒரு குறிப்பேடு வேண்டியிருந்தது. அந்தப் பொறுப்பு மயிலுக்குப் போனது. மயில் ஒருநாளும் களஞ்சியத்துக்குள் கால் வைத்ததில்லை. ஆனால் கையெழுத்து அழகு.

ராஜாவின் பிடரியைப் புகழ மூன்று ஓலைகள் ஆயின. 'கழி' கோலுக்கு ஒரே ஒரு வரி: "கூடுதலை நீக்கி, ஏட்டையும் இருப்பையும் ஓர் அசைவில் ஒன்றாக்கும் ஒய்யாரக் கோல்."

பெருச்சாளி அதைப் படித்துவிட்டு மீசையைச் சொறிந்தது. "மயிலாரே, மக்கிய தானியத்துக்கு மட்டும் என்று சேர்த்துவிடுங்களேன்."

"மக்கலா? இவ்வளவு நல்ல ஏட்டில் அந்தச் சொல்லை எங்கே வைப்பது? வாடை அடிக்குமே, ஐயா."

"படிக்கப்போவது மைனா. நாம் சொன்னால்தான் அதற்குத் தெரியும்."

"ரசனையுள்ள பறவை. குறிப்பறிந்து கொள்ளும்" என்று மயில் தோகையை விரித்தது. தோகைக்குப் பின்னால் பெருச்சாளி யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

குறிப்பேட்டுக்கு வெளியீட்டு விழா எடுத்தார்கள். மயிலுக்குப் பொன்னாடை. பொன்னாடைத் தட்டைத் தூக்கி நிற்கப் பெருச்சாளி.

அதே நேரத்தில், ஐந்து குட்டிகளுக்குத் தாயான அணில் ஆறு கூடைத் தினையோடு களஞ்சியத்துக்கு வந்தது. கோடை முழுவதும் ஒவ்வொரு மணியாகச் சேர்த்த தினை. ஏட்டில் ஏற்ற அங்கே யாரும் இல்லை. வானமோ கறுத்துக்கொண்டு வந்தது. தினையைப் பொந்தில் கொட்டிவிட்டு, காலையில் வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று அணில் குட்டிகளிடம் ஓடியது.

விடியும்போதே மைனா எண்ணி முடித்துவிட்டது. ஏட்டில் உள்ளதைவிட இருப்பு ஆறு கூடை கூடுதல். குறிப்பேட்டைப் புரட்டியது. கூடுதலை நீக்க வழி எழுதியிருந்தது. கோலை இழுத்தது. பிறகு ஏட்டில், "இரண்டும் ஒத்தன. பிழை இல்லை" என்று பதிந்தது.

அணில் வந்தபோது பொந்தில் தினை இல்லை; ஓடை புரண்டு ஓடிக்கொண்டிருந்தது.

"மைனாம்மா, அது மக்கல் இல்லையே. நன்றாகக் காய்ந்த தினை."

"மக்கல் என்றால் என்ன?" என்றது மைனா.

வேலைக்கு வந்த பிறகு அது கேட்ட முதல் கேள்வி அதுதான்.

விசாரணை நடந்தது. மைனா அந்த வரியை எழுத்து மாறாமல் ஒப்பித்தது. தன் குறிப்பேட்டில் ஒரு பிழை காட்ட முடியுமா என்று மயில் சபையைக் கேட்டது. நரி தேடியது, கரடி தேடியது. ஓர் ஒற்றுப்பிழைகூட அகப்படவில்லை.

"பிழை இல்லை, ராஜா. ஒரு சொல்தான் இல்லை" என்றது அணில்.

ராஜா வெகுநேரம் யோசித்தார். குறிப்பேட்டுக்கு இரண்டாம் பதிப்பு வரவேண்டும் என்று தீர்ப்பளித்தார். எழுதும் பொறுப்பு மயிலுக்கே. விழாவும் உண்டு.

சபை கலைந்ததும் பெருச்சாளி களஞ்சியத்துக்குப் போனது. அந்த ஒய்யார வரியின் கீழே பல்லால் கீறியது: "மக்கியதற்கு மட்டும். சந்தேகம் என்றால் கேள்."

கோணல் எழுத்து. மைனா அதைப் படித்தது. அதற்குப் பிறகு ஒரு நல்ல மணிகூட ஓடைக்குப் போகவில்லை.

அந்த மழைக்காலத்தில் அணில்குட்டிகள் ஐந்தும் பெருச்சாளியின் பங்கில் பாதியைத் தின்று உயிர் பிழைத்தன. பெருச்சாளி பாதி இளைத்தது. அந்தக் கணக்கு எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

நீதி: திருப்பிக் கேட்காதவருக்கு எழுதும்போது, எழுதாமல் விட்ட சொல்லும் கட்டளைதான்.