ஆவுடையப்பனின் உறக்கம்

"இங்க எனக்கு உறக்கம் வரல, தாயே. வீட்டுக்குப் போறேன்."

ஆவுடையப்பன் இதைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அறுபதைத் தாண்டிய மனிதர். மனைவி போன பிறகு வீட்டை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, மலையடிவார மடத்துக்கு வந்து சேர்ந்தவர். மடத்தின் அடுக்களைப் பொறுப்பு அவருடையது. அவருக்குக் குருவாக வாய்த்த பிரமு அம்மாளுக்கு அவரைவிடப் பத்து வயதாவது குறைவு.

பிரமு அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"இங்க என்ன குறை, அண்ணாச்சி?"

"ஒரு குறையும் இல்ல. நல்ல காத்து, அருவித் தண்ணி. அங்க என்ன இருக்கு? மழை பெஞ்சா ஒழுகும். மருமக நாள் பூரா முணுமுணுப்பா. ஆனா படுத்தா அடுத்த நிமிஷம் குறட்டைதான். அது ஏன்னு நீங்கதான் சொல்லணும்."

"எனக்கு எப்படித் தெரியும்? உங்க வீடு. போய்ப் பாத்துட்டு வாங்க."

"பாத்துட்டு?"

"உறக்கம் வந்தா அங்கேயே இருந்துருங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

அவருக்குச் சுருக்கென்றது. ஒரு பேச்சுக்காவது தடுத்திருக்கலாம் இந்த அம்மாள் என்று நினைத்தார். ஆனாலும் மறுநாளே பஸ் ஏறிவிட்டார்.

வீடு அப்படியேதான் இருந்தது.

வாசலில் செருப்பைக் குறுக்கே கழற்றிப் போட்டார். நடக்கிற பாதையிலா போடுவார்கள் என்று மருமகள் செண்பகம் வழக்கம்போல் சத்தம் போடுவாள் என்று காத்திருந்தார். அவள் ஓடி வந்து, குனிந்து, செருப்பை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"வாங்க மாமா."

டிவியை அணைத்தார்கள். பேரன் நீட்டிய காலை மடக்கிக்கொண்டான். மகன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். மடத்திலிருந்து வருகிறவர் ஆயிற்றே, லேசுப்பட்டவரா!

அந்த வீட்டில் அவருக்கென்று ஒரு தட்டு உண்டு, ஓரம் நசுங்கியது. அதை எதிர்பார்த்துச் சாப்பிட உட்கார்ந்தார். தலைவாழை இலை வந்து விழுந்தது. இரண்டு கூட்டு, அப்பளம், பாயசம். சாப்பிட்டு முடித்து இலையை எடுக்கக் குனிந்தார்.

"ஐயையோ, நீங்க எடுக்கலாமா மாமா?"

பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனாள் செண்பகம்.

"தண்ணியாவது நானே மொண்டுக்கிறேம்மா."

"கேட்டா தர மாட்டேனா மாமா?"

நீட்டிய கையோடு நின்றார். அழுகை வரும் போலிருந்தது. இத்தனைக்கும் யாரும் ஒரு சுடுசொல் சொல்லவில்லை.

புதுப் பாய் விரித்தார்கள், புதுத் தலையணை போட்டார்கள். அவர் வழக்கமாகப் படுக்கும் மூலைதான். ஆனால் புரண்டு படுக்கவே கூச்சமாக இருந்தது. விடியும்வரை பொட்டுத் தூக்கம் இல்லை.

காலையில் பையை எடுத்ததும் மகன் பதறினான்.

"என்னப்பா அவசரம்? இன்னும் நாலு நாள் இருந்துட்டுப் போகலாமே!"

அன்பாகத்தான் சொன்னான். பாவம், அவனுக்கு என்ன தெரியும்!

மடத்துக்குள் நுழைந்தவர் நேரே அடுக்களைக்குப் போனார். அங்கே பிரமு அம்மாள், கழுவிய கையைத் துடைக்காமல் அப்படியே புளிப் பானைக்குள் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஈரக் கைய எடுங்க தாயே! பானைப் புளி பூரா பூசணம் பிடிச்சுப் போகும்! இந்த டப்பாவ யாரு இங்க வச்சது? ஒரு நாள் நான் இல்லேன்னா அடுக்களைய இப்படியா போட்டு வைப்பீங்க?"

யாரைப் பார்த்துச் சொன்னோம் என்று அப்புறம்தான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பிரமு அம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். சிரிப்பை அடக்குவது நன்றாகவே தெரிந்தது.

"போன இடத்துல நல்லா கவனிச்சாங்களா, அண்ணாச்சி?"

ஆவுடையப்பன் பானையைத் தன் பக்கம் இழுத்து, அதன் வாயைத் துணியால் கட்டினார்.

"ரொம்ப நல்லா கவனிச்சாங்க, தாயே. அதான் வந்துட்டேன்."