ஆமை முத்திரை

வரி அதிகாரி ஊருக்குள் நுழைந்தால் நாய்கள் குரைக்கும் என்று பரவலாக நம்பப்படுகிறது. மதிப்புக்குரிய சிலர் இதை எழுதியும் வைத்திருக்கிறார்கள். இது பெரும் பிழை. இந்தப் பிழையோடு உலகம் இன்னும் ஒரு நாள் நடந்தாலும் என்ன ஆகுமோ தெரியாது என்பதால், கதைக்கு முன் இதைத் திருத்திவிட வேண்டியிருக்கிறது. வரி அதிகாரி எயினன் வருகிறான் என்று தெரிந்தால் கீழைப்புனம் என்ற ஊரில் நாய்களின் வாயை வைக்கோல் புரியால் கட்டிவிடுவார்கள். நாய் குரைத்தால் ஆள் ஒளிந்திருக்கும் இடம் தெரிந்துவிடும். ஆட்கள் எல்லாரும் பனங்காட்டில் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். குழந்தைகள்கூட அழுவதில்லை.

குருவுக்கு நரைத்த தாடி இருக்கும் என்பது இன்னொரு பிழை. எயினனின் குருவுக்குத் தாடியே இல்லை. அவள் பெயர் சாத்தி. துறவி. ஐம்பது வயது எயினனைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். கீழைப்புனத்துக்குப் போகும் வழியில், ஏரிக்கரையில் தண்ணீர்ப்பந்தல் நடத்திவந்தாள். ஒவ்வோர் அறுவடையின்போதும் எயினன் அங்கே நின்று ஒரு கேள்வி கேட்பான். பதில் வாங்கிக்கொண்டு வரி வாங்கப் போவான்.

அந்த ஆண்டு அவனோடு இரண்டு காவலர்கள் வந்தார்கள். அவர்களுக்கு நடுவே ஓர் உழவன், கைகள் கட்டப்பட்டிருந்தான். பெயர் காடன். காவலர்களில் ஒருவன் வாங்கிய தண்ணீரில் பாதியைக் குடித்தான். மீதியைக் கல்லில் ஊற்றி வெட்டுக்கத்தியைத் தீட்டத் தொடங்கினான்.

சாத்தி அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு?"

"இவனுடைய வலக்கைக்கு, அம்மையே," என்றான் எயினன். "இவன் களத்தில் முத்திரை உடைந்திருக்கிறது. ஊர் பார்க்க அந்தக் களத்திலேயே வைத்து வெட்டப் போகிறோம்."

அந்த நாட்டில் கதிரடித்த நெல்லைக் களத்தில் குவித்ததும், குவியலின் நான்கு பக்கமும் ஈர மண்ணை அப்பி, அதிகாரி தன் மோதிரத்தை அழுத்துவான். மோதிரத்தில் ஓர் ஆமை. அதிகாரி திரும்பி வந்து அளந்து, அரசனின் ஆறில் ஒரு பங்கை எடுக்கும்வரை விளைத்தவனும் ஒரு மணி தொடக் கூடாது. முத்திரை கெட்டால் கை.

"முத்திரை வைத்து எத்தனை நாள் ஆயிற்று?" என்று சாத்தி கேட்டாள்.

"இன்றோடு பதினொன்று."

"மூன்றாம் நாள் அளக்க வேண்டும் என்று விதி இல்லையா?"

"இருக்கிறது." எயினன் புன்னகைத்தான். "மூன்றாம் நாள் போனால் பேரம் பேசுகிறார்கள், அம்மையே. பதர் அதிகம் என்கிறார்கள். எலி தின்றுவிட்டது என்கிறார்கள். அவர்கள் சொல்கிற கணக்குக்கு எலிகள் எருமை அளவு இருக்க வேண்டும். பதினோராம் நாள் போனால் வாயே திறப்பதில்லை. கேட்டதைக் கொடுத்துவிட்டுக் கும்பிடுகிறார்கள். பயத்தைக் கொஞ்சம் பழுக்க விட வேண்டும்."

"இந்த ஆண்டுக் கேள்வி?"

எயினனின் புன்னகை போய்விட்டது.

"இவன் கையை வெட்டினால் பதினேழு ஊரிலும் வரி ஒரு நாழி குறையாமல் வரும். விட்டுவிட்டால் அடுத்த ஆண்டு எல்லாக் களத்திலும் முத்திரை உடையும். அரசர் என் கையைக் கேட்பார். இது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஆனாலும் முந்தாநாளிலிருந்து கண் மூட முடியவில்லை. எது சரி?"

"காலையில் ஏதாவது சாப்பிட்டாயா?"

"இல்லை, அம்மையே."

அடுப்பில் சோறு வெந்திருந்தது. சாத்தி பானையை இறக்கி மூடினாள். கரையிலிருந்து ஈர மண் எடுத்து வந்து, மூடியும் பானையும் சேரும் இடத்தில் ஓர் உருண்டையை அப்பினாள்.

"மோதிரத்தைக் கொடு."

கொடுத்தான். அவள் மண்ணில் அழுத்திவிட்டு மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"உன் பங்கு உள்ளே இருக்கிறது. தண்ணீர் கொண்டுவந்த பிறகு நானே திறந்து போடுகிறேன். அதுவரை பார்த்துக்கொள்."

"இந்த முத்திரைக்கும் அதே சட்டம்தானா?" என்று எயினன் சிரித்தான்.

"மோதிரம் அதுதானே," என்றாள் சாத்தி. அவள் சிரிக்கவில்லை. காவலர்களைப் பார்த்து, "சும்மா நிற்கிறீர்களே, ஆளுக்கு இரண்டு குடம் எடுங்கள்," என்றாள்.

அவர்கள் காடனைத் தூணோடு கட்டிவிட்டுக் குடங்களோடு அவள் பின்னால் போனார்கள். கத்தி கல்லின்மேல் கிடந்தது.

எயினன் பானைக்கு எதிரே உட்கார்ந்தான். பானை சூடாக இருந்தது. சோற்று மணம் வந்தது. முதலில் அவனுக்குப் பசி மட்டும்தான் இருந்தது.

பிறகு மண்ணின் ஓரம் வெளுப்பதைக் கவனித்தான். வெளுப்பு மெல்ல உள்ளே பரவியது. ஆமையின் முதுகில் முடி போல ஒரு கோடு விழுந்தது. அவன் இன்னும் நெருங்கி உட்கார்ந்து, கையால் பானைக்கு வெயில் மறைத்தான். பானையின் சூடு உள்ளேயிருந்து வருகிறது என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. கோடு இரண்டாயிற்று. மூச்சு விட்டால் விழுந்துவிடும் என்று தோன்றியதால் மூச்சை அடக்கிக்கொண்டான்.

மண் பெயர்ந்து தரையில் விழுந்தது. சத்தம் சின்னதுதான்.

தானாக விழுந்தது என்று சொல்லலாம் என்று நினைத்தான். முந்தாநாள் காடன் அதைத்தான் சொன்னான். அதைக் கேட்டுக் காவலர்கள் சிரித்தார்கள். கடைசியாகச் சிரித்து முடித்தவன் எயினன்.

வழியைப் பார்த்தான். கரைமேல் யாரும் வரவில்லை. கல்லின்மேல் கிடந்த கத்தியைப் பார்த்தான். விழுந்த மண்ணைப் பொறுக்கிக் குடிதண்ணீரில் நனைத்துப் பிசைந்தான். பழைய இடத்திலேயே அப்பி மோதிரத்தை அழுத்தினான்.

நிமிர்ந்தபோது தூணிலிருந்து காடன் பார்த்துக்கொண்டிருந்தான். கண்கள் சந்தித்ததும் காடன் பந்தலின் கூரையைப் பார்க்கத் தொடங்கினான். அங்கே பார்ப்பதற்கு ஓலையைத் தவிர ஒன்றும் இல்லை.

சாத்தி காவலர்களோடு திரும்பி வந்து குடத்தை இறக்கினாள். பானைமுன் குனிந்தாள்.

"ஆமை வடக்கே தலை வைத்திருந்தது. இப்போது தெற்கே வைத்திருக்கிறது."

நிமிர்ந்து எல்லாரையும் பார்த்தாள்.

"யார் தொட்டது?"

"நான்தான், அம்மா," என்றான் காடன்.

"உன் கை தூணோடு கட்டியிருக்கிறது."

"எப்படியும் போகிற கைதானே, அம்மா. இதையும் அதன் தலையிலேயே போட்டுவிடுங்கள். ஒரு கைக்கு இத்தனை முத்திரைதான் என்று சட்டத்தில் இருக்காது."

கத்திக்காரன் சிரித்தான். அதிகாரியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"ஏனப்பா பொய் சொல்கிறாய்?" என்று சாத்தி கேட்டாள்.

"உண்மையை முந்தாநாளே சொல்லிப் பார்த்துவிட்டேன், அம்மா."

சாத்தி எயினனின் பக்கம் திரும்பினாள். அவன் தரையைப் பார்த்துச் சொன்னான்:

"பானைச் சூட்டில் தானாக விழுந்தது, அம்மையே. நான் உடைக்கவில்லை."

"தெரியும். எடுத்து ஒட்டியது யார்?"

"நான்."

"ஏன்?"

"பயந்துவிட்டேன்."

"எதற்கு? இங்கே இருப்பது ஒரு பெண்ணும் ஒரு பானைச் சோறும்."

எயினனின் கண் கல்லின்மேல் கிடந்த கத்திக்குப் போனது.

"இவன் களத்தில் மண் விழுந்தபோது இவன் என்ன செய்தான்?"

எயினன் காடனின் கட்டைப் பார்த்தபடி சொன்னான்:

"விழுந்ததை ஒரு வாழையிலையில் எடுத்துக்கொண்டு, அரைக் காதம் நடந்து, என் சாவடிக்குக் கொண்டுவந்தான். வெயிலில் காய்ந்து விழுந்துவிட்டது, வந்து வேறு வைத்துக் கொடுங்கள் என்று கேட்டான்."

"நீ?"

"கட்டச் சொன்னேன்."

காற்றில் ஓலை சலசலத்தது. காடன் தோளைக் குறுக்கிக்கொண்டான். எயினன் சட்டென்று தலையை நிமிர்த்தினான்.

"அப்படியானால் வரியே வேண்டாம் என்கிறீர்களா, அம்மையே? எல்லாரையும் விட்டுவிட்டால் இந்த ஏரிக்கு மதகு யார் கட்டுவது? நீங்கள் பந்தலில் எதை ஊற்றுவீர்கள்?"

"விடச் சொன்னேனா? ஒரு நாழிகூட விடாதே. குவித்து அளக்காதே, தலைதட்டி அள."

"அளக்கிறேன். சட்டத்தை என்ன செய்வது? அதை நான் எழுதவில்லை. முத்திரையைக் கெடுத்த கையை வெட்டு என்று இருக்கிறது."

சாத்தி மண்ணை விலக்கி மூடியைத் திறந்தாள். இலை போட்டுச் சோறு வைத்தாள். கல்லின்மேல் கிடந்த கத்தியை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அந்தக் கையால்தானே நீ சாப்பிட வேண்டும்," என்றாள். "முதலில் சாப்பிடு. ஆறிவிடப் போகிறது."

எயினன் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு நெடுநேரம் இலையைப் பார்த்தபடி இருந்தான்.

அன்று பிற்பகல் கீழைப்புனத்தில் காடனின் நெல் அளக்கப்பட்டது. இரண்டு கையாலும் மரக்காலைப் பிடித்து அளந்தவன் காடன். ஆறில் ஒரு பங்கு, நாழி குறையாமல், தலைதட்டி, வண்டியில் ஏறியது. பதினொரு நாள் கிடந்ததில் குவியலின் அடியில் தரை ஈரம் பட்டு மூன்று கலம் நெல் முளைவிட்டிருந்தது. அந்த மூன்று கலத்தையும் எயினன் அரசனின் பங்கிலேயே சேர்த்தான்.