வலத்துக் காளையின் சாட்சி

வெகுகாலத்துக்கு முன் மேகலநாட்டை மணிவர்மன் என்ற ராஜா ஆண்டான். எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். நல்லவன்தான். ஆனால் பளபளவென்று எதைக் காட்டினாலும் தலையாட்டிவிடுவான்.

அதைப் பிடித்துக்கொண்டான் சேனாபதி உக்கிரசேனன். "மகாராஜா, ஊர்க்காவலர்கள் கையில் மூங்கில் கம்பு. பார்க்கவே கேவலம். அவர்களைக் கலையுங்கள். நாடு முழுவதையும் காக்கத் தலைநகரில் ஒரே படை. நான் பார்த்துக்கொள்கிறேன்."

ராஜா முத்திரை வைத்தான். படை வந்தது. படைக்குத் தேர் வந்தது. தேருக்குக் காளை, காளைக்குப் பட்டுப் போர்வை, கொம்பு நுனிக்குப் பொன்குப்பி. போர்வை மடிக்க ஓர் ஆள், அவனை மேய்க்க இன்னோர் ஆள். உப்புக்கு வரி ஏறியது. களவும் ஏறியது.

மந்திரி கூத்தபிரான் வேண்டாம் என்றார். யார் கேட்டார்கள்?

விஜயதசமி அணிவகுப்பில் உக்கிரசேனனின் தேர் நேராகப் போகவில்லை. இடப்பக்கக் காளை தன் ஜோடியை வலப்புறமாக நெருக்கிக்கொண்டே போனது. தேர் ஒரு பூக்கடையில் ஏறி நின்றது.

"வீதி கோணல், மகாராஜா. நிமிர்த்த ஒரு தொகை ஒதுக்கினால் நல்லது" என்றான் உக்கிரசேனன். ராஜா ஒதுக்கினான். கூத்தபிரான் வீதியைப் பார்க்கவில்லை. காளையைப் பார்த்தார்.

மறுநாள் அவைக்கு ஒருத்தி வந்தாள். பெயர் சடைச்சி. புருஷன் இல்லை. ஏரும் இரண்டு காளையும்தான் சொத்து.

"ராசா, என் மயிலைக் காளையைக் களவாண்டுட்டாங்க. மழை பெஞ்சு நிலம் ஈரமா கிடக்கு. ஒத்தக் காளைய வச்சு எப்படி உழுவேன்? ஈரம் காஞ்சா இந்த வருஷம் சோறு இல்ல."

"நம் படையிடம் சொன்னாயா?" என்றான் ராஜா.

"சொன்னேன் சாமி. போர்வைக்குச் சாயம் போடுற நாளாம். அப்புறம் வரச் சொன்னாங்க."

உக்கிரசேனன் எழுந்தான். "மகாராஜா, நம் நாட்டில் களவே கிடையாது. அது தானாக ஓடியிருக்கும்."

"களவே இல்லையென்றால் உமது படையைக் கலைத்துவிடலாமே. செலவு மிச்சம்" என்றார் கூத்தபிரான்.

"அதெப்படி, மந்திரியாரே? நாடெங்கும் கள்ளர்கள் திரிகிறார்களே."

"இருக்கிறார்களா, இல்லையா? ஏதாவது ஒன்றைச் சொல்லும்."

அவை சிரித்தது. உக்கிரசேனனுக்கு முகம் கறுத்தது. "படையின் மேல் பழி சொல்லும் இவளுக்கு அபராதம் வேண்டும், மகாராஜா. களவு என்று நிரூபிக்கட்டும். இல்லையேல் மிச்சமிருக்கும் காளையும் நம் படைக்கு."

ராஜாவுக்கு அது வேடிக்கையாகப் பட்டது. "சரி" என்றுவிட்டான். சடைச்சி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கூத்தபிரான் அவளிடம் குனிந்தார். "அம்மா, எந்தக் காளையை எந்தப் பக்கம் பூட்டுவாய்?"

"செவலை இடம், மயிலை வலம். பழக்குன நாள்லருந்து அப்படித்தான்."

"செவலை எங்கே?"

"வாசல்ல கட்டியிருக்கேன். ஊர்ல விட்டுட்டு வந்தா அதுவும் போயிருமே."

கூத்தபிரான் நிமிர்ந்தார். "மகாராஜா, சாட்சி இருக்கிறது. காணாமல் போன காளையே வந்து சொல்லும். படையின் காளைகளை முற்றத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்."

"காளை சொல்லாவிட்டால்?" என்றான் உக்கிரசேனன்.

"உமது தேரை நான் இழுக்கிறேன். சொல்லிவிட்டால் நான் சொல்லும் வேலையை நீர் செய்யவேண்டும்."

"சம்மதம்."

காளைகள் வந்தன. எல்லாம் ஒரே பட்டு, ஒரே குப்பி. பெற்ற பசுவுக்கே அடையாளம் தெரியாது. கூத்தபிரான் அரண்மனைத் தோட்டத்திலிருந்து ஒரு நுகத்தடி எடுத்துவரச் செய்தார். சடைச்சி செவலையை இடப்பக்கம் நிறுத்தினாள். வலப்பக்கத்து முனையைத் தூக்கிப் பிடித்து, உழவுக்குக் கூப்பிடுகிற மாதிரி நாக்கைச் சொடுக்கினாள்.

ஒரு காளை காதை நிமிர்த்தியது. கயிற்றைப் பிடித்தவனையும் இழுத்துக்கொண்டு வந்தது. போர்வை நழுவி மண்ணில் விழுந்தது. நேரே வந்து நுகத்தடிக்குக் கீழே கழுத்தைக் கொடுத்து நின்றது. செவலை அதன் முகத்தை நக்கியது.

"நுகத்தடியைக் கண்டால் எந்தக் காளையும் வரும்" என்றான் உக்கிரசேனன்.

"அப்படியா? இடப்பக்கம் நிறுத்திப் பாரும்."

செவலையை விலக்கிவிட்டு அதை இடப்பக்கம் நிறுத்தினார்கள். அது பின்புறமாகச் சுற்றிவந்து மறுபடி வலப்பக்கமே நின்றது. ராஜாவுக்குப் பூக்கடையில் ஏறிய தேரின் இடப்பக்கக் காளை ஞாபகம் வந்தது.

"கோணல் வீதியில் இல்லையா, உக்கிரசேனா?"

உக்கிரசேனன் குனிந்து மண்ணில் கிடந்த போர்வையை எடுத்தான்.

"இந்தக் காளை உன்னிடம் எப்படி வந்தது?"

"விலைக்கு... வாங்கியது, மகாராஜா. யாரோ ஓட்டிவந்தான். மலிவாகச் சொன்னான்."

"கஜானாவில் மலிவாக எடுக்கவில்லையே" என்றார் கூத்தபிரான். "ஒரு காளைக்கு யானை விலை எழுதியிருக்கிறீர். கள்ளன் உம்முடைய வாசலுக்கே வந்து, களவுமாட்டை உம்மிடமே விற்று, நம் காசை வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். நீர் அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை."

 ராஜா, "முத்திரை வைத்தவன் நான்" என்றான். ராஜாக்கள் இப்படிச் சொல்வது அபூர்வம்.

உடனே தேர்களை விற்க உத்தரவு போட்டான். உப்பு வரி போயிற்று. ஊர்க்காவலர்களைப் பழைய கம்பைத் தேடி எடுக்கச் சொன்னான்.

கூத்தபிரானுக்கு ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டான். சடைச்சியிடம், "உனக்கு என்ன வேண்டும்?" என்றான்.

"போக விடுங்க ராசா. ஈரம் காயுது." மயிலையின் பொன்குப்பிகளைக் கழற்றி ராஜா கையில் வைத்தாள். "உழும்போது இது எதுக்கு?"

கூத்தபிரான் உக்கிரசேனனிடம் கயிற்றை நீட்டினார். "இதுதான் வேலை. இந்தக் காளையை இவள் வயல்வரை நடந்தே கொண்டுபோய் விடும். அப்புறம் மற்றக் காளைகள். ஒவ்வொன்றாக."

சடைச்சி செவலையுடன் முன்னே நடந்தாள். மயிலைக்குக் கயிறு பிடித்து அவன் பின்னே நடந்தான். வழியில் ஒவ்வோர் ஊரிலும் யாராவது அவனை மறித்தார்கள்.

"சாமி, எங்க மாடு காணாமப் போச்சு. நெத்தியில வெள்ளச் சுழி இருக்கும். உங்ககிட்ட இருக்கா?"

முதல் ஊரில் இல்லை என்றான். இரண்டாவது ஊரில் தலை குனிந்து நடந்தான். மூன்றாவது ஊரில் நின்று, "இருக்கிறது. நானே கொண்டுவருகிறேன்" என்றான்.

அன்று மாலையே சடைச்சி ஏர் பூட்டினாள். ஈரம் அவளுக்காகக் காத்திருந்தது.