பார்க்காத வருடங்கள்

“இதுல என்ன குறைன்னு நீங்களே சொல்லுங்க டீச்சர்.”

அருணகிரி லேப்டாப்பை மேசைமேல் வைத்துச் சுகிர்தாவின் பக்கம் திருப்பினார். அவர் நூற்பாலையில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். சுகிர்தாவுக்கு அவருடைய மகள் வயது. ஆனாலும் வாய் நிறைய டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். ஒரு பங்கை எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்பதை மனம் போன போக்கில் விடாமல் கம்ப்யூட்டருக்கு விதிகளாக எழுதிக் கொடுக்கும் வித்தையை அவள்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள், கோயமுத்தூர் காந்திபுரத்தில் ஒரு மாடி அறையில்.

திரையில் ஒரு கோடு. கடந்துபோன பத்து வருட விலைகளில் அவருடைய விதிகளின்படி வாங்கி விற்றிருந்தால் பணம் எப்படி வளர்ந்திருக்கும் என்று அது காட்டியது. எங்கும் சறுக்காமல் மேலே போயிருந்தது.

“வியாழக்கிழமை ஏன் வாங்கறதில்லை?”

“வியாழக்கிழமை வாங்கினதெல்லாம் நஷ்டங்க. அதான் எடுத்துட்டேன்.”

“வாங்கறதுக்குப் பதினேழு நாள் விலையோட சராசரி பார்க்கறீங்களே, அது எதுக்கு?”

“பதினாறு வெச்சா கோடு இறங்குதுங்க. பதினெட்டு வெச்சாலும் இறங்குது.”

“இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?”

“இந்தப் பத்து வருசத்து விலைதான்.”

“அது சொன்னது சரியான்னு வேற யார்கிட்ட கேட்டீங்க?”

அருணகிரி திரையிலிருந்த கோட்டையே மறுபடி காட்டினார்.

சுகிர்தா டிராயரிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து நீட்டினாள்.

“உங்களுக்குப் பத்து வருசத்து விலைதான் கொடுத்தேன். அதுக்கடுத்த மூணு வருசம் இதுல இருக்கு. வேணும்னேதான் எடுத்து வெச்சேன்.”

அவருக்குச் சுருக்கென்றது. “என்னை நம்பலைங்களா?”

“உங்க விதிகளைத்தான் நம்பலை சார். எதையும் மாத்தாம ஒரே ஒரு தடவை ஓட்டுங்க. இங்கேயே.”

ஓட்டினார்.

கோடு கொஞ்சம் ஏறியது. தயங்கியது. பிறகு இறங்க ஆரம்பித்து, போட்டதில் பாதிக்கும் கீழே போய் நின்றது.

ஓய்வுப் பணம் முழுவதையும் அடுத்த மாதம் இதில் போடப்போவதாக மனைவி ருக்மணியிடம் சொல்லியிருந்தார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் தலையாட்டியிருந்தாள்.

பென் டிரைவை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த வாரமே வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

“பிடிச்சுட்டேன் டீச்சர்! பதினேழை இருபத்தி மூணாக்கினேன். செவ்வாய்க்கிழமையையும் தூக்கிட்டேன். இப்ப அந்த மூணு வருசமும் ஏறுது பாருங்க.”

அவள் திரையைப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டினாள்.

“பென் டிரைவ்.”

கொடுத்தார். வாங்கிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

“அய்யோ, ஏனுங்க!”

“போன வாரம் உங்ககிட்ட பத்து வருசம் இருந்தது. இப்ப பதிமூணு இருக்கு. பார்க்காத வருசம் ஒண்ணுகூட இல்லை.”

“அதுக்கு இனி நான் எங்க போவேன்?”

“எங்கயும் போக வேண்டாம் சார். காலையில ஒன்பதேகாலுக்கு மார்க்கெட் திறக்கும். நீங்க பார்க்காத வருசம் இனிமேல்தான் வருது.”

வீட்டுக்கு வந்தவர் சில நாள் லேப்டாப்பைத் தொடவே இல்லை.

ஒரு காலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்தார். முதலிலிருந்து எழுதினார். ஒவ்வொரு விதிக்கும், இது எதற்கு என்று ருக்மணி கேட்டால் கோட்டைக் காட்டாமல் காரணம் சொல்ல முடியுமா என்று யோசித்தார். சொல்ல முடியாததை எடுத்துப் போட்டார். கடைசியில் இரண்டே மிஞ்சின. ஏறுகிற பங்கை வாங்கு. ஏற்றம் முறிந்தால் விற்றுவிடு.

பணம் போடாமல், வாங்கியதாகவும் விற்றதாகவும் மட்டும் குறித்துக்கொண்டு தினமும் ஓட்டி வந்தார்.

ஆடி மாதம் சந்தை சரிந்தது. ருக்மணி காபியோடு வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“தினமும் நஷ்டமாவே காட்டுதே. ஏதாச்சும் மாத்த வேண்டாமா?”

அவர் விரல் தானாகக் கீபோர்டுக்குப் போனது. எதைத் தொட்டால் கோடு நிமிரும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அதுதான் பயமாக இருந்தது.

கையை இழுத்துக்கொண்டார்.

“இப்பக் கை வெச்சா இந்த வருசமும் போயிடும் ருக்மணி.”

ஒரு வருடம் முடிந்ததும் லேப்டாப்போடு சுகிர்தாவின் மாடி ஏறினார். இந்தக் கோடு அழகாக இல்லை. விழுந்து, எழுந்து, நின்று, மூச்சு வாங்கி, ஆனால் ஏறியிருந்தது.

சுகிர்தா வெகுநேரம் அதையே பார்த்தாள்.

“நடுவுல எதையாவது தொட்டீங்களா?”

“இல்லைங்க.”

“அடுத்த வருசம் சம்பாதிக்குமா?”

“தெரியாதுங்க டீச்சர்.”

சொன்ன பிறகுதான் கவனித்தார், தன் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

சுகிர்தா சிரித்தாள்.

“அப்ப திங்கட்கிழமை பணம் போட ஆரம்பிச்சுடுங்க.”