உலகம்மையார் பாயில் கிடந்த நாற்பது நாள்

சங்கரன்கோவிலுக்கு மேற்கே ஒரு நூற்பாலையில் கழிவுப் பஞ்சு கூட்டிப் பிழைத்தவர் உலகம்மையார். காலையில் கோயில் வெளிப்பிராகாரத்தைக் கூட்டுவார். பிறகு ஆலைக்கு வந்து, ஓடும் இயந்திரங்களுக்கு அடியில் தவழ்ந்து பஞ்சு வாருவார். கூலி ஆலையில் மட்டும்தான் என்றாலும் இரண்டையும் ஒரே தொண்டாகத்தான் நினைத்தார். பஞ்சுத் தூசியில் இருமுவார். இருமல் விட்ட இடைவெளியில் சிவநாமம் சொல்வார். "கெழவி கைலாசத்துக்கும் வாரியலத் தூக்கிட்டுத்தான் போவும்" என்று ஆலைப் பெண்கள் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இப்படிப் பதினெட்டு ஆண்டுகள். வேலையில் சேர்த்தபோது யாரும் காகிதம் எழுதித் தரவில்லை, அவரும் கேட்கவில்லை. ஈசனிடமே எதையும் எழுதி வாங்காதவர் மேனேஜரிடமா கேட்கப்போகிறார்!

அறுபத்தோராம் வயதில் டைபாய்டு வந்து அவரை நாற்பது நாள் பாயில் தள்ளியது. கணவர் போய்ப் பல காலம், பிள்ளையும் இல்லை. பக்கத்து வீட்டு மாடத்தி ஊற்றிய கஞ்சிதான் உயிரைப் பிடித்து வைத்தது. காய்ச்சலைவிட அவரை வாட்டியது வேறொன்று. தொண்டு நின்றுபோயிற்றே, இனி ஈசன் நம்மை எங்கே நினைக்கப்போகிறார் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுவார். அப்போதும் வாய் நாமத்தை விடவில்லை.

எழுந்து நடமாடியதும் ஆலைக்குப் போனார். நோயில் கிடந்த நாளுக்கும் சம்பளம் உண்டு என்று மாடத்தி சொல்லியிருந்தாள். மேனேஜர் கோதண்டம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீ இங்க வேல பாத்ததுக்கு ஒரு துண்டுச் சீட்டு இருக்கா? ரிஜிஸ்டர்ல ஒம் பேரே இல்லையே" என்று சொல்லி வாசலைக் காட்டினார். சம்பளம் மட்டுமல்ல, வேலையும் போயிற்று. கேட்கும் நமக்குத்தான் வயிறு எரிகிறது. அம்மையார் அவரை ஒரு சொல் ஏசவில்லை. மாடத்திதான் விடாமல் இழுத்துக்கொண்டு போய் தொழிலாளர் நல அலுவலகத்தில் மனுக் கொடுக்க வைத்தாள்.

விசாரிக்க வந்தவர் ஜெபமணி என்ற அதிகாரி, கழுத்தில் சிலுவை அணிந்த அம்மாள். ஒப்பந்தக் காகிதம் இல்லாவிட்டாலும் உழைத்தவர் தொழிலாளிதான் என்று மேனேஜரிடம் முதலிலேயே சொல்லிவிட்டார். பிறகு, உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் கையெழுத்திடும் வாசல் நோட்டுகளை வாங்கிப் புரட்டினார். உலகம்மை என்ற பெயர் எங்கும் இல்லை. மேனேஜரின் முகம் மலர்ந்தது. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் ஒரு வரியில் கோணல் எழுத்தில் 'சிவாயநம' என்று இருந்தது.

அம்மையார் எழுதக் கற்றது அந்த ஐந்தெழுத்து மட்டுமே. தெரிந்திருந்தாலும் தம் பெயரை எழுதியிருக்க மாட்டார். கையும் காலும் ஈசன் தந்தவை, வேலையை மட்டும் நம்முடையது என்று எழுதலாமா என்பது அவர் எண்ணம்.

"இங்க வேலையெல்லாம் செஞ்சது நீங்கதானாம்மா?" என்று அந்த வரியைக் காட்டி அதிகாரி கேட்டார்.

ஆம் என்றால் ஈசனுக்குக் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கியது போலாகும். இல்லை என்றால் நாளைக் கஞ்சிக்கு வழியில்லை. கூட வந்திருந்த மாடத்தி முழங்கையால் இடித்தாள். அம்மையார் மெல்லச் சொன்னார்:

"செஞ்சது அவருதான் தாயி. காய்ச்சல்ல கெடந்தது மட்டுந்தான் நான்."

மேனேஜர் சிரித்துவிட்டார். ஜெபமணி சிரிக்கவில்லை. கடைசிப் பக்கங்களை விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். காய்ச்சல் கண்ட நாள் தொட்டு நாற்பது நாளும் அந்த ஐந்தெழுத்தைக் காணவில்லை.

"நீங்க பாயில கெடந்த நாப்பது நாளும் அவரும் வேலைக்கு வரலையேம்மா. ஒங்க கூடத்தான இருந்திருக்காரு."

அம்மையார் அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நோய்க்காலத்துச் சம்பளம் முழுவதும் தரவேண்டும், வேலையும் திரும்பத் தரவேண்டும் என்று அதிகாரி உத்தரவு எழுதி, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கியது அம்மையார் கவனத்தில் பதியவே இல்லை. தமக்கென்று ஒரு பெயரைக்கூட எழுதிக்கொள்ளாத அந்த அம்மையாரின் பாதங்களுக்கு நம் வணக்கம்.