லேப்டாப் விழிக்கும் நேரம்

கடலோர ஊர் ஒன்றின் கன்னியர் மடத்தில் சிஸ்டர் எமரென்சியா இருந்தார். மடத்துப் பள்ளியின் கம்ப்யூட்டர் அறை அவர் பொறுப்பு. சந்தேகம் கேட்டு யார் வந்தாலும் முதலில் நாற்காலியைத்தான் காட்டுவார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பிரிஸ்கா வந்தாள். இடுப்பில் குழந்தை, தோளில் லேப்டாப் பை. அவளும் சிஸ்டரும் ஒரே வயது. இதே பள்ளியில் ஒரே பெஞ்சு, ஒரே போர்டிங். ஆனாலும் கம்ப்யூட்டர் என்று வந்துவிட்டால் அன்றும் இன்றும் பிரிஸ்காதான் சிஷ்யை.

"தோத்திரம், சிஸ்டர்."

"இங்க யாரும் இல்லட்டி. எமின்னே கூப்பிடு."

பிரிஸ்கா உட்கார்ந்தாள்.

"இது தொறக்கதுக்குள்ள என் உசிரு போகுது, எமி. சுவிட்சைப் போட்டுட்டுக் கஞ்சி வச்சேன்னா, கஞ்சி கொதிச்சி, ஆறி, இவன் குடிச்சி, கக்கியும் முடிச்சிருவான். அது அப்பவும் சுத்திக்கிட்டே இருக்கும்."

"அதுக்கென்ன அவசரம்?"

"ஒம்பது மணிக்கு நான் இது வழியா உள்ள நுழையணும். வீட்டுல இருந்தே ஆஸ்பத்திரி ரிப்போர்ட் டைப் பண்ணுத வேலை. இன்னொரு நாள் லேட்டானா வேற ஆளைப் போட்டுருவோம்னு சொல்லிட்டாவ. அவருக்குக் கப்பல் வேலை போன பொறவு வீடு இதுலதான் ஓடுது."

"போடு, பாப்போம்."

லேப்டாப் வெளிச்சம் கண்டது. உடனே பிரிஸ்காவின் விரல் தட்டத் தொடங்கியது. ஒரு தட்டு, இன்னொரு தட்டு, கோபத்தில் நாலைந்து தட்டு.

சிஸ்டர் அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்தார்.

"சும்மா இரு. அதுவா என்ன செய்யுதுன்னு பாப்போம்."

முதலில் ஒரு தாலாட்டுப் பாட்டு தானாகத் திறந்தது.

"இது?"

"இவன் பொறந்த புதுசுல. இப்ப இவன் அதைக் கேட்டா ஆடுதான், தூங்க மாட்டேங்கான்."

அடுத்து ஒரு கிரிக்கெட் விளையாட்டு.

"அவரோடது. கல்யாணமான மாசம் போட்டது. அவரு ஜெயிச்சா நான் கை தட்டணும்."

அடுத்து காலேஜ் ஹாஸ்டல் பிள்ளைகள் அரட்டையடித்த இடம். யாரும் இப்போது அங்கே வருவதில்லை. அதற்குப் பின்னால், எழுதாமலே போன பேங்க் பரீட்சைப் பாடம்.

"உன் ஆயுசு பூரா ஒரே வாசல்ல முண்டியடிக்குதுட்டி" என்றார் சிஸ்டர். பிரிஸ்காவுக்குச் சிரிப்பு வந்தது.

கடைசியாக வீடியோவில் பேசுகிற ப்ரோக்ராம் திறந்தது. வட்டத்துக்குள் பிரிஸ்காவின் அம்மா, நீலச் சேலையில். பக்கத்தில், ஆள் இல்லை என்று காட்டும் சாம்பல் நிறப் புள்ளி.

சிஸ்டர் 'இது?' என்று கேட்கவில்லை. போன தவக்காலத்தில் அந்த அம்மாவின் அடக்கப் பூசைக்கு அவரும் போயிருந்தார்.

"காலையில முத ஆளா அம்மா இதுல வந்துருவாவ" என்றாள் பிரிஸ்கா. "இவன் நெஞ்சு ஏறி இறங்குததை உத்துப் பாத்து, 'நல்லாத்தாம்மா இருக்கான்'னு சொல்லுவாவ. அதைக் கேட்ட பொறவுதான் நான் அடுத்த வேலையைப் பாப்பேன்."

சிஸ்டர் தலையசைத்தார். தானாகத் திறப்பவை வரிசையாக இருக்கும் பக்கத்தை எடுத்தார். தாலாட்டை நிறுத்தினார். பேங்க் பரீட்சையை நிறுத்தினார். அரட்டையை நிறுத்தினார்.

"கிரிக்கெட்டுக்கு அவருகிட்ட கேக்காண்டாமா?"

"எதையும் அழிக்கலட்டி. எல்லாம் உள்ளதான் இருக்கு. வேணும்னா அவரே தட்டித் தொறக்கட்டும்."

கடைசி ஒன்றுக்கு வந்தபோது பிரிஸ்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இது இருக்கட்டும்."

"இதுதான் ரொம்ப இழுக்குது. பழைய பேச்சு அம்புட்டையும் தெனமும் திரும்பச் சுமந்துட்டு வருது."

"இருக்கட்டும், எமி."

"நீ தொட்டா தொறக்கும்."

"தொட மறந்துட்டேன்னா? இவன் பின்னாடி ஓடுத ஓட்டத்துல ஒரு நாள், ரெண்டு நாள் மறந்துட்டேன்னா? அம்மா அங்க தனியா இருப்பாவள்லா?"

சிஸ்டர் எழுந்து ஜன்னலருகே போனார்.

"விசிட்டிங் சண்டே ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா?"

"பூசை முடிஞ்சதும் கேட்டுல போய் நின்னுக்கிடுவ. சாப்பாட்டு மணி அடிச்சாலும் வரமாட்ட."

"என் கறித்துண்டு எல்லாம் உன் வயித்துலதான் போச்சு."

"அது வீணாப் போகக்கூடாதுல்லா." சிஸ்டர் திரும்பவில்லை. "அம்மா எப்ப வருவாவ?"

"சாயங்கால பஸ்ஸுக்கு."

"அப்ப ஏன் காலையில இருந்தே நின்ன?"

"என்னைக் காணாம திரும்பிப் போயிருவாவளோன்னு பயம்."

"ஏழாங்கிளாஸ்ல ஒரு சண்டே நீ நிக்கல."

பிரிஸ்கா யோசித்தாள்.

"ஆமா. அம்மை போட்டிருந்துச்சி."

"அன்னிக்கு அம்மா வந்தாவளா?"

"வந்தாவ."

"எங்க?"

குழந்தை அவள் தாலிச் சங்கிலியை இழுத்து வாயில் வைத்தது. அவள் எடுத்துவிடவில்லை.

"சிக் ரூமுக்கு. மடத்து மதர் உள்ள விடலையாம். சமையக்கட்டு வழியா வந்திருக்காவ. கண்ணு முழிச்சிப் பாத்தா தலைமாட்டுல வேப்பிலையோட உக்காந்திருக்காவ. எம்புட்டு நேரமா இருந்தாவன்னே தெரியல."

சிஸ்டர் திரும்பி வந்து லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளினார். தான் தொடவில்லை.

பிரிஸ்கா நீலச் சேலையைப் பார்த்தாள். பிறகு அவளே அதை நிறுத்தினாள். லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டாள்.

குழந்தை ஒரு கொட்டாவி விட்டது. அதற்குள் திரை வந்துவிட்டது. வெறும் திரை. ரிப்போர்ட் டைப் செய்யும் பக்கம் ஒரே தட்டில் திறந்தது.

"வந்துருச்சி" என்றாள். சந்தோஷப்பட முடியவில்லை. "எமி, நெசமாவே நான் கூப்பிட மறந்துட்டேன்னா?"

சிஸ்டர் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சிக் ரூமுக்கு அன்னிக்கு நீ கூப்பிட்டுத்தானா அம்மா வந்தாவ?"